செடி நடுவதற்கு முன்னால்: உங்கள் தெருவில் ஒரு மர நடை தொடங்குவது எப்படி

ஒரு தெருக்காரர்களோ அடுக்குமாடிக் குடியிருப்போ "இயற்கைக்கு ஏதாவது செய்யலாம்" என்று கூடிப் பேசினால், பேச்சு கடைசியில் மரக்கன்று நடும் விழாவில்தான் போய் நிற்கும். அதுவும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று. சென்னைப் பக்கம் அந்தத் தேதி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். நல்ல மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். எங்கள் தெருவிலும் அப்படித்தான் தொடங்கினோம். குழி வெட்டினோம், நட்டோம், போட்டோ எடுத்தோம், சமோசா சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். நட்டதில் பிழைத்தது ஒரே ஒரு புங்கை. அது டீக்கடைக்கு எதிரே இருந்தது. டம்ளர் கழுவிய தண்ணீரைக் கடைக்காரர் தினமும் அதன் அடியில் ஊற்றியிருக்கிறார். விழாவுக்கு அவர் வரவில்லை. நாங்கள் கூப்பிடவும் இல்லை.

அதன் பிறகுதான் வேலையைத் தலைகீழாகச் செய்ய ஆரம்பித்தோம். ஏற்கெனவே நிற்கிற மரங்களைத் தெருக்காரர்களோடு நடந்து போய் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவது முதலில் (இதைத்தான் மர நடை என்கிறோம்), கன்று நடுவது கடைசியில். இந்த வழியில் இறங்க நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். செடிகொடிகளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. சென்னையையும் கடலோர ஊர்களையும் மனதில் வைத்துச் சொல்கிறேன். மலைப்பக்கமோ கொங்குப் பக்கமோ இருப்பவர்கள் மரங்களை மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரம்: நீங்கள் மட்டும்

யாரையும் கூப்பிடாதீர்கள். வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்காதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து முந்நூறு நானூறு மீட்டர் மட்டும் நடந்து பாருங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் முடிக்க மாட்டீர்கள். தெருவைக் கோடாக வரைந்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வட்டம் போட்டு எண் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் "7, பச்சை கேட் எதிரே, வழவழப்பான இலை" என்று எழுதினால் போதும்.

பிறகு சுற்றளவு. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய நெஞ்சுயரத்தில், அடிமரத்தைச் சுற்றி அளக்க வேண்டும். நம் நாட்டில் வனத்துறையினர் அளப்பதும் இந்த உயரத்தில்தான். டைலர் டேப் ஒன்றரை மீட்டர்தான் வரும், பெரிய மரத்துக்குப் பத்தாது. சணல் கயிற்றைச் சுற்றி, பிறகு கயிற்றை அளந்துகொள்ளுங்கள். இந்த எண் இப்போது வெறும் எண்ணாகத் தெரியும். அடுத்த வருஷம் அதே மாதம் அளக்கும்போதும், என்றைக்காவது யாராவது கோடாலியோடு வந்து நிற்கும்போதும் அதன் மதிப்பு தெரியும்.

மரத்தோடு சேர்த்து அதைச் சுற்றி இருப்பதையும் எழுதுங்கள். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசியிருக்கிறார்களா? எத்தனை ஆணி? மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டியிருக்கிறார்களா? முக்கியமாக, அடியில் யார் இருக்கிறார்கள்? இஸ்திரி வண்டி, இளநீர்க் குவியல், ஆட்டோ ஸ்டாண்ட், செருப்பு தைப்பவர், மஞ்சள் துணி சுற்றிய அம்மன். எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவருக்குத் தன் வேம்பின் நிழல் எத்தனை மணிக்கு எந்த வீட்டுச் சுவருக்குப் போகும் என்பது அத்துப்படி. வண்டியை அதற்கேற்பத் தள்ளித் தள்ளி வைப்பார். என் நோட்டில் அந்த மரத்தைப் பற்றி எழுதியிருப்பதில் பாதி அவர் சொன்னது.

பெயர்கள்

பத்துப் பெயர் தெரிந்தால் சென்னையில் ஒரு சாதாரணத் தெருவின் பெரும்பகுதி அடங்கிவிடும். வேம்பு, புங்கை, பூவரசு, அரசு, நாட்டு பாதாம், தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை, பெருங்கொன்றை, நெட்டிலிங்கம், முருங்கை. கோயில் பக்கமென்றால் மகிழமும் புன்னையும் சேரும். கைப்பேசிச் செயலியில் போட்டோ எடுத்துப் போட்டால் பெயர் வரும்தான். ஆனால் அதை முதல் பதிலாக வைத்துக்கொண்டு, யாராவது ஒரு பெரியவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு குழப்பங்களை இப்போதே தீர்த்துவிடலாம். வீட்டுக் காம்பவுண்டு ஓரம் ஊசிக் கோபுரம் மாதிரி உயர்ந்து, அலை அலையான விளிம்புள்ள இலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதை எல்லோரும் அசோக மரம் என்பார்கள். அது நெட்டிலிங்கம். உண்மையான அசோகம் வேறு. ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், தெருவில் பார்ப்பது அபூர்வம். என்னுடைய முதல் நடையிலேயே இந்தத் தப்பை நான் செய்தேன். கூட்டத்தின் கடைசியில் வந்த ஒரு பெரியவர் எல்லோரும் நகரும்வரை பொறுத்திருந்து, என் பக்கத்தில் வந்து, "தம்பி, இது நெட்டிலிங்கம்" என்று காதோடு சொன்னார். அடுத்த நடையில் அந்த மரத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று புன்னை, புங்கை. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் மாற்றிச் சொல்வார்கள். புன்னை இலை தடித்து, பளபளவென்று, நடு நரம்பிலிருந்து சீப்புப் பல் மாதிரி நெருக்கமான கோடுகளோடு இருக்கும். பூ வெள்ளை, நடுவில் மஞ்சள் குஞ்சம். காய் கோலிக்குண்டு போல உருண்டையாக இருக்கும். புங்கை இலையோ ஒரே காம்பில் ஐந்து, ஏழு எனச் சேர்ந்து வரும். அதன் மேல் அம்மை போட்டது போலக் கொப்புளங்கள் இருந்தால் மரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை ஒன்று செய்யும் வேலை. மரம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

எது மண்ணின் மரம், எது வெளியிலிருந்து வந்தது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் அடித்துவிட்டுப் போன மறுநாள் சென்னைச் சாலைகளை அடைத்துக்கொண்டு கிடந்தவற்றில் இவையும் பெருங்கொன்றையும் நிறையக் கண்ணில் பட்டன. அதற்காகப் புதியவர்கள் உடனே "அந்நிய மரத்தை ஒழிப்போம்" என்று கிளம்ப வேண்டாம். மழைநீர்க் கால்வாய்க்கும் கேபிளுக்கும் வேரை அறுத்துவிட்ட இடங்களில் நம் மரங்களும்தான் சாய்ந்தன. ஐம்பது வருஷமாக நிழல் கொடுக்கும் தூங்குமூஞ்சி அங்கேயே நிற்கட்டும். புதிதாக நடும்போது மட்டும் யோசித்துக்கொள்ளலாம்.

யாரைக் கூப்பிடுவது

முதல் நடைக்குப் பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் வந்தால் பின்னால் நிற்பவர்கள் காதில் எதுவும் விழாது, அவர்கள் ரியல் எஸ்டேட் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அறிவிப்பு நாலு வரிதான் இருக்க வேண்டும்: "ஞாயிறு காலை 6.30. பிள்ளையார் கோயில் அரசமரத்தடி. ஒரு மணி நேரம், ஏழு மரம். கடைசியில் டீ." பசுமை, பூமித்தாய், வருங்காலத் தலைமுறை எல்லாம் அதில் வேண்டாம். பூமித்தாயைக் காப்பாற்றக் கூப்பிட்டால் வருகிறவர்களைவிட, டீ குடிக்கக் கூப்பிட்டால் வருகிறவர்கள் மறுபடியும் வருவார்கள்.

அசோசியேஷன் தலைவர், செயலாளர் எப்படியும் வந்துவிடுவார்கள். நீங்கள் நேரில் போய்க் கூப்பிட வேண்டியவர்கள் வேறு. இஸ்திரிக்காரர், பூக்காரம்மா, இரவுக் காவலாளி, தெரு பெருக்குகிற அக்கா. இதில் கடைசி ஆளை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எந்த மரம் எந்த மாதம் எதைக் கொட்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. எங்கள் தெரு அக்காவிடம் கேட்டபோது நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: "தை மாசி வந்தா பாதாம் இல, செவப்பு செவப்பா, பெருசு பெருசா, அள்ளுறது சுலபம். வேம்பும் அப்பதான் கொட்டும், அது பொடி, தொடப்பத்துக்கு அடங்காது. பங்குனி போனா புங்கம்பூ. அத ரெண்டு தடவ கூட்டணும் தம்பி." நான் ஒரு வருஷம் நோட்டு எழுதிக் கண்டுபிடித்திருக்க வேண்டியதை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் நடையை வைத்துவிட்டு "அவர் வரவில்லை" என்று சொல்லக் கூடாது. நேரத்தை அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு யோசனை. உங்கள் நடையை வைப்பதற்கு முன் வேறு ஒருவர் நடத்தும் நடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். சென்னையில் நிழல் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக மர நடைகளை நடத்திவருகிறது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் மரப்பூங்கா உருவானதும் அவர்கள் முயற்சியில்தான். கூட்டத்தில் ஒருவராக நின்று பார்க்கும்போது, எந்த இடத்தில் உங்கள் கவனம் சிதறுகிறது என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை உங்கள் நடையில் சுருக்கிவிடலாம்.

நடை நாள்

என் முதல் நடை இரண்டு மணி நேரம், இருபத்திரண்டு மரம். ஒவ்வொன்றுக்கும் தாவரவியல் பெயர், குடும்பம், மருத்துவ குணம் என்று தாளைப் பார்த்து வாசித்தேன். மூன்றாவது மரத்தில் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். பத்தாவது மரத்தில் கைப்பேசிகள் வெளியே வந்துவிட்டன. இப்போது ஏழு மரத்துக்கு மேல் எடுப்பதில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் மூன்றே விஷயம்: கையால் செய்ய ஒன்று, காதால் கேட்க ஒன்று, அவர்களே பதில் சொல்ல ஒரு கேள்வி.

வேம்பிலிருந்து தொடங்குங்கள். எல்லோருக்கும் தெரிந்த மரம், அதனால் எல்லோரும் பேசுவார்கள். பங்குனி சித்திரையில் நடந்தால் பூ உதிர்ந்து கிடக்கும். "வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ எங்கே எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் கடையில் பாக்கெட் வாங்கியிருப்பார்கள், அந்த மரத்துக்கு நேர் எதிர் வீட்டுக்காரர் உட்பட. நாங்கள் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். மறு வருஷம் அந்த வீட்டம்மா மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்திருந்தார். ஆனி ஆடியில் நடந்தால் பழம் இருக்கும். காகமும் குயிலும் தின்று கொட்டையைப் போடும் இடங்களில், கம்பிக்கும் கிளைக்கும் கீழே, வேப்பங்கன்று தானாக முளைத்திருக்கும். அதைத் தேடச் சொல்லலாம்.

பூவரசை ஒரு நடையில் இரண்டு தடவை பார்க்க முடியாது, ஆனால் ஒரு நாளில் இரண்டு தடவை பார்க்க வேண்டிய மரம் அது. காலையில் பூ எலுமிச்சை மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்புக் கறை. அதே பூ சாயங்காலம் செம்மையேறி, வாடிய பட்டுத் துணி மாதிரி சுருங்கித் தொங்கும். காலையில் ஒரு பூவின் காம்பில் நூல் கட்டிவிட்டு, "ஆறு மணிக்கு யார் வந்து பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நாலு பிள்ளைகளாவது வருவார்கள். இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கி ஊதினால் பீப்பீ. பெரியவர்களில் யாருக்கு இன்னும் ஊத வருகிறது என்று பாருங்கள். ஒரு வங்கி மேலாளர் ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாகத் தெருவில் பீப்பீ ஊதியதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய பேரன் அன்றைக்குத்தான் தாத்தாவை முதல்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தான்.

அரசமரத்தடியில் உதிர்ந்த பழம் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து காட்டுங்கள். பட்டாணி அளவுதான் இருக்கும். உள்ளே பூந்தாது மாதிரி நெருக்கமாக நிரம்பியிருப்பவை எல்லாம் பூக்கள். "அத்தி பூத்தாற்போல" என்று நாம் சொல்வது இதனால்தான். அத்தி, ஆல், அரசு மூன்றும் பூக்காமல் இல்லை, பூவைக் காய்க்குள்ளேயே வைத்திருக்கின்றன. அங்கே நுழைந்து மகரந்தம் சேர்ப்பதற்கென்றே ஒவ்வொரு வகைக்கும் ஒரு குட்டிக் குளவி உண்டு. எறும்புத் தலை அளவுகூட இராது. சில சமயம் பிளக்கும்போதே ஒன்றிரண்டு வெளியே பறக்கும். இதைப் பார்த்த ஒரு பெண் குழந்தை, "அப்ப நாம அத்திப்பழம் சாப்பிட்டா?" என்று கேட்டாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. நானும்தான்.

புன்னை இருந்தால் அங்கே கதை சொல்லுங்கள். விளையாட்டுக்கு மணலில் புதைத்து மறந்துவிட்ட புன்னைக் கொட்டை முளைவிட, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள் பெண்கள். "உன்னைவிட இவள் சிறந்தவள், உனக்குத் தங்கை" என்று அந்த மரத்தைக் காட்டித் தாய் சொல்லியிருக்கிறாள். அதனால் அதன் நிழலில் உங்களோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று காதலனிடம் சொல்கிறாள் சங்கப் பாட்டு ஒன்றில் தலைவியின் தோழி. நட்டு வளர்த்தவர்களுக்கு மரம் உறவுமுறைதான். பாட்டு முடிந்ததும், மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சம் என்ன என்று கேளுங்கள். அதுவும் புன்னை. உங்கள் ஊர்க் கோயிலுக்கு எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குக் கடம்பு, சிதம்பரத்துக்குத் தில்லை, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவானைக்காவுக்கு நாவல், திருவண்ணாமலைக்கு மகிழம். கூட்டத்தில் எல்லா ஊர்க்காரர்களும் இருப்பார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள்.

மரத்தின் உயரத்தை அளக்கக் கருவி வேண்டாம். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை உள்ள நீளத்துக்கு ஒரு குச்சி எடுங்கள். அதைச் செங்குத்தாகப் பிடித்தபடி, குச்சியின் அடியும் நுனியும் மரத்தின் அடியையும் உச்சியையும் தொடுவதுபோல் தெரியும்வரை பின்னால் நகருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் அதன் உயரம். பின்னால் நகரும்போது சாக்கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொரு விளையாட்டு. ஒருவர் கண்ணைக் கட்டி, சுற்றிச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தைத் தொட்டுத் தடவ விடுங்கள். திரும்பக் கூட்டிவந்து கட்டை அவிழ்த்தபின், எந்த மரம் என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். முன்கூட்டியே அந்த மரங்களில் முசுறு எறும்பு, கம்பளிப்பூச்சி இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

பெயர்ப் பலகை வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். ஆணி அடிக்கக் கூடாது, கயிறு கட்டினாலும் மரம் பெருக்கும்போது இறுகும். சாக்பீஸ் வாங்கி, அடியில் தரையிலேயே பெயரைப் பெரிதாக எழுத விடுங்கள். மழையில் அழியும். அழிந்தால் மறுபடி எழுத வேண்டும், அப்போது மறுபடி பெயர் நினைவுக்கு வர வேண்டும். பலகை வைத்திருந்தால் யாரும் ஒரு தடவைக்கு மேல் படித்திருக்க மாட்டார்கள்.

ஆளுக்கொரு மரம், ஒரு வருஷம்

நடை நன்றாகப் போனால் எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். அந்த உற்சாகம் செவ்வாய்க்கிழமை வரை தாங்கும். டீ குடிக்கும்போதே வீட்டுக்கு ஒரு மரத்தை ஒப்படைத்துவிடுங்கள். தினமும் கடக்கிற மரமாக இருக்க வேண்டும். அழகான மரம் நாலு தெரு தள்ளி இருந்தால் பிரயோஜனமில்லை.

வேலை சின்னதுதான். வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமை, இரண்டு நிமிஷம். தளிர் இருக்கிறதா, பழுத்த இலை இருக்கிறதா, மொட்டு, பூ, காய், பழம்? ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றில் ஒன்று. சீசன்வாட்ச் என்ற திட்டம் இந்தியா முழுவதும் இப்படித்தான் பொதுமக்களைக் கொண்டு மரங்களின் பருவத்தைப் பதிவு செய்கிறது. அவர்கள் செயலியில் உங்கள் மரத்தையும் சேர்க்கலாம். எனக்கு நோட்டுதான் பிடிக்கும், அதில் "பக்கத்து வீட்டில் சண்டை, கிளி வரவில்லை" என்றும் எழுதலாம்.

முதல் இரண்டு மாதம் சலிப்பாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதுவும் நடக்காதது போல் தோன்றும். பிறகு ஒரு வாரம் புங்கை முழுதும் மொட்டையாகும், அடுத்த இரண்டு வாரத்தில் எண்ணெய் தடவியது போன்ற இளம்பச்சை. அதற்குப் பிறகு பொரி கொட்டினாற்போல் தரையெல்லாம் பூ. ஒருமுறை அந்தச் சுற்றை முழுதாகப் பார்த்தவர்கள் நோட்டை விடுவதில்லை. மாடிவீட்டுக்காரர்களுக்கும் தெருவில் மரமே இல்லாதவர்களுக்கும் தொட்டிக் கறிவேப்பிலை போதும். பறவை எச்சம் மாதிரி ஒன்று இலைமேல் உட்கார்ந்திருந்தால் தட்டிவிடாமல் இரண்டு வாரம் பொறுங்கள். அது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். சாம்பாருக்கு நாலு இலை குறையும், அவ்வளவுதான்.

சண்டை வரும் இடங்கள்

மரத்தை நேசிக்க வைப்பதைவிட, மரத்தால் எரிச்சலடைந்தவரிடம் பேசுவதுதான் இந்த வேலையில் கஷ்டம். அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

குப்பை என்பார்கள். இலையைக் கொட்ட ஒரு மூலை ஏற்பாடு செய்யாமல் "இலை குப்பை இல்லை" என்று பாடம் நடத்தாதீர்கள். கம்பி வலையை வட்டமாக வளைத்து நிறுத்தி, அதில் சருகைப் போட்டு அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் சில மாதத்தில் உரம். மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி வரும். பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். தீப்பந்தம் பிடிப்பது வழக்கம், அதில் பட்டையும் வெந்துவிடும். சோப்புக் கரைசலைக் கும்பலின் மேல் அடித்தால் போதும். சுவர் விரிசலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னால், பிடுங்கச் சொல்லுங்கள். சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்தால் பிழைக்கும். அதற்கு ஒரு குளத்தங்கரையைத் தேடிக்கொள்ளலாம்.

சிமென்ட் விஷயம் கொஞ்சம் நீளமானது. அடிமரம் வரை பூசிவிட்டால் தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகாது. டெல்லி மரங்கள் தொடர்பாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல், அடிமரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி ஆணையிட்டது. அந்த 1 மீட்டரை எங்கும் அளவாக வைத்துக்கொள்ளலாம். நடைபாதை மாநகராட்சியுடையது, அதனால் வார்டு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் வேர் நசுங்கும். உளியும் சுத்தியும் வைத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். ஆணியும் அப்படித்தான். குறடால் நேராக இழுங்கள், ஆட்டி ஆட்டிப் புண்ணைப் பெரிதாக்க வேண்டாம். பட்டை மூடி விழுங்கிவிட்ட பழைய ஆணியைத் தோண்டாமல் விட்டுவிடுங்கள்.

கிளை வெட்ட ஆள் வந்தால் முதலில் ஓடிப்போய்க் கத்தாதீர்கள். கவாத்து வேறு, மொட்டையடிப்பது வேறு. பருவமழைக்கு முன், ஆவணி புரட்டாசியில், காற்று புகுந்து போகும்படி கிளைகளை அளவாகக் குறைப்பது மரத்துக்கு நல்லதே. கம்பிப் பக்கம் மட்டும் வெட்டிவிட்டு எதிர்ப்பக்கத்தை அப்படியே விட்டால்தான் புயலில் சாயும். சித்திரை முதல் ஆனி வரை காக்கைக் கூடு இருக்கும், அதில் குயில் முட்டையும் இருக்கலாம். கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம். முழு மரத்தையே வெட்ட வந்தால், அனுமதிக் கடிதம் எங்கே என்று அமைதியாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பொது இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்கள் நோட்டில் மரத்தின் எண், சுற்றளவு, தேதி போட்ட போட்டோ இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

அப்புறம்தான் நடுவது

ஒரு வருஷ நோட்டு கையில் இருக்கும்போது எங்கே நடலாம், யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். கம்பிக்குக் கீழே என்றால் மந்தாரை, பவழமல்லி போல் சிறியவை. இடமிருந்தால் புங்கை, பூவரசு, மகிழம், புன்னை. நாவலைக் கார் நிற்கும் இடத்தில் வைக்காதீர்கள், ஆடி மாதம் அத்தனை கார்க்காரர்களும் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். கன்று ஆள் உயரமாவது இருக்கட்டும். முழங்கால் உயரக் கன்றைத் தெருவில் வைத்தால் மாடு தின்பதற்கு வைத்த மாதிரி. குழி இரண்டு அடிக்கு இரண்டு அடி, ஆழமும் இரண்டு அடி. புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். அடுத்த கோடை முழுக்க வாரம் இரண்டு தடவை ஒரு குடம் தண்ணீர். யாருடைய குடம் என்பது நடுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மரக்கூண்டு வைக்கும் அன்றே, அதை எடுக்க வேண்டிய தேதியையும் நோட்டில் எழுதுங்கள். எங்கள் டீக்கடைப் புங்கைக்கு நாங்கள் எழுதவில்லை. கூண்டின் இரும்பு வளையம் அடிமரத்துக்குள் ஒரு விரல் ஆழம் புதைந்த பிறகுதான் இஸ்திரிக்காரர் பார்த்துச் சொன்னார். கேஸ் வைத்து வெட்டினால் மரம் வெந்துவிடும் என்பதால், ஆக்சா பிளேடால் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் அறுத்தோம். பிளேடு சூடாகும்போதெல்லாம் டீக்கடைக்காரர்தான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.